லாயத்துக்குள் வராத மருந்து

சிட்டுக்குப் பருவத்தை அடக்கும் அந்த மருந்து வேண்டாம் என்று நான் சொன்னது சரிதான் என்று காலையில் தோன்றும். சாயங்காலம் கணக்கு நோட்டை மூடும்போது அவ்வளவு உறுதி இருக்காது. குதிரை எங்கள் லாயத்தை விட்டு வேறு ஊருக்குப் போய் வெகு நாளாகிவிட்டது. எனக்குத்தான் அந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை.

சிட்டு மார்வாரி இனத்துப் பெண் குதிரை. உரிமையாளர் எங்களிடம் பராமரிப்புக்கு விட்டிருந்தார். அவருடைய பையன் அதில்தான் சவாரி பழகினான். சாதாரண நாளில் சின்னப் பிள்ளையை ஏற்றி நடத்தலாம், அவ்வளவு சாது. பருவத்துக்கு வந்துவிட்டால் வேறு குதிரை. சேணத்தின் வயிற்றுவாரை இறுக்கப் போனாலே காதை மடக்கிக்கொண்டு திரும்பிக் கடிக்க வரும். வாலைத் தூக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் விடும். ஆண் குதிரை கட்டியிருக்கும் பக்கம் போய் நின்றால் நகர்த்த முடியாது. பின்னால் இன்னொரு குதிரை நெருங்கினால் கீச்சென்று ஒரு சத்தம், உடனே உதை. ஒரு நாள் அந்த உதை வேலிப் பலகையை உடைத்தது. பலகைக்கு ஒரு முழம் தள்ளி வேறொரு பையனின் கால் இருந்தது.

நம் ஊரில் மாடு பருவத்துக்கு வந்தால் வீட்டுக்கே சந்தோஷம். விடியக்காலையில் கத்தத் தொடங்கினால் போதும், ஊசி போட டாக்டருக்குப் போன் போய்விடும். தவறவிட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டுமே என்ற கவலைதான். மாட்டுக்கு அது ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். குதிரைக்கு ஐந்து முதல் ஏழு நாள் நீடிக்கும். மாட்டைப் போலவே 21 நாளுக்கு ஒரு சுற்று, அதில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் இப்படிப் போகும். மாட்டில் கொண்டாடுகிற அதே விஷயத்தைக் குதிரையில் திமிர் என்கிறோம். லாயத்து ஆண்கள் அந்த நாட்களில் பேசிய கேலியை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு பெண் அங்கே வேலை செய்கிறாள் என்பதைக்கூட மறந்து பேசினார்கள். அதை நிறுத்தச் சொல்லி நிறுத்தினேன்.

அந்தப் பெண்ணைப் பற்றித்தான் இது. திருநெல்வேலியை அடுத்த முன்னீர்பள்ளம் பக்கத்துக்காரி. மாடு வளர்த்த கை. குதிரையை எங்களிடம் வந்துதான் முதன்முதலில் தொட்டாள். தாமிரபரணி கடலில் சேரும் காயல் துறையில் அரபுக் குதிரைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கியதையும், இங்கே பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துப் போனதையும் 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த மார்க்கோ போலோ சொல்லிவிட்டுப் போனார். அதைப் படித்ததிலிருந்து எனக்குள் ஒரு ரோஷம் உண்டு. இவள் வேலை செய்வதைப் பார்க்கும்போது அந்த ரோஷம் கொஞ்சம் ஆறும்.

தீவன அறையில் தொங்கும் மாதக் காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பாள். வாலைத் தூக்கினால் ஒரு கோடு, கத்தினால் ஒரு புள்ளி, தீவனம் மிச்சம் வைத்தால் ஒரு வட்டம். பருவம் தெரிவதற்கு முந்தின நாளே வட்டம் விழுந்திருக்கும். கொள்ளைத் தின்றுவிட்டுத் தவிட்டை அளைந்து வைக்கும் என்றாள். அடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னால் வலது விலாவில் பிரஷ் பட விடாது என்பதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். "திமிரு இல்ல அண்ணாச்சி, அந்த இடத்துல வலிக்கி" என்றாள்.

ஸ்கேன் பார்க்க வந்த டாக்டர் அந்தக் காலண்டரைப் பார்த்துவிட்டு அவளிடம்தான் நிறையக் கேள்வி கேட்டார், என்னிடம் இல்லை. பருவம் முடிகிற கட்டத்தில்தான் கருமுட்டையைச் சுமக்கும் பை வெடித்து முட்டை வெளியே வரும், அதற்குள் அந்தப் பை நாலு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்திருக்கும், சில குதிரைகளுக்கு அப்போது வலி இருக்கும் என்றார். சுற்று ஒழுங்காக வருவது நல்ல அடையாளம் என்றும் சொன்னார். கருப்பையோடு சேர்ந்த சினைப்பையில் கட்டி இருந்தால் இந்த ஒழுங்கு கெட்டுவிடுமாம். ஒரு பக்கம் வீங்கி மறுபக்கம் சுருங்கிவிடும், குதிரை ஆண் குதிரை மாதிரி மூர்க்கமாகிவிடும். சிட்டுக்கு அப்படி எதுவும் இல்லை. பல், முதுகு, சேணம் உட்காரும் இடம் எல்லாம் பார்த்தார். உடம்பு தன் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

குளிர்காலம் வந்தால் ஓய்ந்துவிடும் என்று யாரோ உரிமையாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது வடக்கே உள்ள நாடுகளுக்கான கணக்கு. பகல் குறையக் குறைய அங்கே பெண் குதிரைகளுக்குப் பருவம் நின்றுவிடும், பகல் நீண்டதும் திரும்ப வரும். திருநெல்வேலியில் ஆனிக்கும் மார்கழிக்கும் பகல் நேரத்தில் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். இங்கே பல குதிரைகளுக்கு வருஷம் முழுக்க உண்டு. சிட்டுக்கும் அப்படித்தான்.

அப்புறம் என்னால் முடிந்ததைச் செய்தேன். சிட்டின் கொட்டிலைக் கடைசிக்கு மாற்றினேன். காலண்டரில் வட்டம் விழுந்தால் அன்றிலிருந்து பிள்ளைகளை அதில் ஏற்றுவதில்லை. விடியலிலேயே நீளக் கயிற்றில் சுற்ற விட்டு வேலை வாங்கிவிடுவோம். சவாரி போனால் வரிசையில் கடைசியாக நிற்கும், பின்னால் யாரும் வரக்கூடாது. வயிற்றுவாரை ஒரேயடியாக இறுக்காமல் இரண்டு மூன்று தடவையாக இறுக்குவோம். பாதிக்குமேல் சரியானது. ஆனால் பையன் பழகவேண்டிய நாளில் குதிரை சும்மா நிற்கிறதே என்பது உரிமையாளரின் வாதம். பணம் கட்டுகிறவர் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

ஒரு குட்டி போட்டால் சரியாகிவிடும் என்றார் முதலில். 11 மாதம் சினை. ஈன்ற பத்து நாளுக்குள்ளேயே திரும்பப் பருவத்துக்கு வந்து நிற்கும் என்று சொன்னதும் அதை விட்டுவிட்டார். பிறகுதான் அந்த மருந்து. அல்ட்ரெனோஜெஸ்ட் என்று பெயர், எண்ணெய் மாதிரி இருக்கும். 50 கிலோவுக்கு 1 மில்லி வீதம், சிட்டு சுமார் 400 கிலோ என்றால் 8 மில்லி, தினமும் வாயிலோ தீவனத்திலோ கொடுக்கவேண்டும். கொடுக்கிற வரைக்கும் பருவம் அடங்கியிருக்கும். பல நாடுகளில் சவாரிக் குதிரைகளுக்குக் கொடுக்கிற மருந்துதான். தான் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்.

சிக்கல், அது மனிதத் தோல் வழியாகவும் உள்ளே போகும். பெண்கள் கையில் பட்டால் மாதவிலக்கு தடுமாறலாம். கர்ப்பிணிகளும், கர்ப்பமாக இருக்கலாம் என்ற நிலையில் இருப்பவர்களும் தொடவே கூடாது. நாம் எல்லா இடத்திலும் பார்க்கிற வெள்ளை ரப்பர் கையுறை அதைத் தடுக்காது; நைட்ரைல் என்கிற செயற்கை ரப்பர் கையுறை மாதிரி ஒன்று வேண்டும். அக்னி நட்சத்திரத்தில், வியர்த்துக் கொட்டுகிற கையில், தினமும் விடியலில். அதோடு குதிரை வாயிலிருந்து ஒழுகும், தொட்டியில் ஒட்டும், வாயைத் துடைத்த துணியில் இருக்கும். சிட்டின் வாயைத் துடைப்பதும் தொட்டியைக் கழுவுவதும் யார் என்று எனக்குத் தெரியும். முந்தின வருஷம் அவளுக்கு ஒரு கரு தங்காமல் போனது என் மனைவி மூலம் எனக்குத் தெரிந்திருந்தது. (இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டேன். பேரு மட்டும் வேண்டாம் என்றாள்.)

உரிமையாளரிடம் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "இங்க அந்த மருந்து வேண்டாம் சார், கைல பட்டா ஆபத்து." அவர் வாதாடவில்லை. அடுத்த மாதம் சிட்டை வேறு ஊருக்குக் கொண்டுபோனார். வண்டியில் ஏற்றும்போது கூட வந்த ஆள் அவளிடம், உன்னால்தான் குதிரை போகிறது என்று சொல்லியிருக்கிறான். நான் சொல்லாத காரணத்தை அவர்களே ஊகித்திருந்தார்கள்.

அவள் உடனே எதுவும் கேட்கவில்லை. பிறகொரு நாள் தொட்டி கழுவிக்கொண்டே கேட்டாள்.

"அண்ணாச்சி, அந்த மருந்து எனக்காகத்தான் வேண்டாம்னு சொன்னியளா?"

"எல்லாருக்காகவும்தான்."

"இங்க தீவனம் வைக்கிற பொம்பளை நான் ஒருத்திதான."

நான் பேசாமல் இருந்தேன்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட கேட்டியளா?"

"கேட்டா நீ சரின்னு சொல்லியிருப்பம்மா. அதான் கேக்கல."

"நான் என்ன சொல்லியிருப்பேங்கிறதையும் நீங்களே சொல்லிட்டிய."

இவ்வளவுதான் பேச்சு. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. தொட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த கொட்டிலுக்குப் போய்விட்டாள்.

இதற்கு என்னிடம் பதில்கள் உண்டு. லாயத்தில் யாருக்கு என்ன ஆனாலும் கேட்கப்படப் போவது நான். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவரிடம் சம்மதம் கேட்டால் வருகிற சம்மதத்துக்கு என்ன மதிப்பு? அதுவும் ஒரு ஆண், சம்பளம் கொடுக்கிற இடத்தில் இருப்பவன், ஒரு பெண்ணிடம் போய் இப்போது உனக்கு நாள் எப்படி என்று எப்படிக் கேட்பது? என் மனைவியை விட்டுக் கேட்கச் சொல்லியிருக்கலாம். அது இன்னும் மோசம் என்று அப்போது தோன்றியது. இப்போதும் பாதி அப்படித்தான் தோன்றுகிறது.

வேறு ஆள் கொடுத்திருக்கலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். நானே நைட்ரைல் கையுறை போட்டு, சிரிஞ்சில் வாய்க்குள் ஏற்றி, வாயைத் துடைத்து, தொட்டியையும் கழுவி வைத்திருக்கலாம். முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் ஒரு நாள் தவறாமல் மாதக்கணக்கில் ஓடவேண்டிய வேலை அது. நான் வராத காலையில் யார் கைக்கு அந்தப் பாட்டில் போகும் என்பதும் எனக்குத் தெரியும். இதை யோசிக்கும்போது முடிவு சரிதான் என்று மறுபடி வந்து நிற்பேன். நின்ற கொஞ்ச நேரத்தில் அவள் குறித்த காலண்டர் நினைவுக்கு வரும். சிட்டுக்கு எந்த இடத்தில் வலிக்கிறது என்று தெரிந்துகொள்ள டாக்டர் அவளிடம் கேட்டார். நான் அதே பெண்ணிடம் அவள் உடம்பைப் பற்றிய ஒன்றை மறைத்து வைத்தேன். பாதுகாப்பு என்றுதான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். அப்படியும் இருக்கலாம். அவளுக்கு அதில் கிடைத்தது ஒரு பழியும், ஆசையாக வளர்த்த குதிரை போனதும்தான்.

சிட்டு இப்போது மருந்தில் இருப்பதாகவும் அமைதியாக இருப்பதாகவும் கேள்விப்பட்டேன். அங்கே கொடுப்பவர் யார், கையுறை போடுகிறாரா என்று விசாரிக்க எனக்கு வழியில்லை. குதிரையைப் பொறுத்தவரை நல்லதுதான் நடந்திருக்கிறது போல. வலியும் குறைந்திருக்கும்.

போன மாதம் வேறொரு பெண் குதிரை பராமரிப்புக்கு வந்திருக்கிறது. காலண்டரில் கோடும் புள்ளியும் மறுபடி ஆரம்பித்துவிட்டன. இனி இந்த மருந்துப் பேச்சு வந்தால் முதலில் உன்னிடம் கேட்பேன் என்று அவளிடம் சொன்னேன். "கேளுங்க அண்ணாச்சி, அப்போ சொல்லுதேன்" என்றாள். கேட்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் அவள் சரி என்று சொன்னாலும் நான் மருந்தை உள்ளே விடுவேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தால், விடமாட்டேன் என்றுதான் பதில் வருகிறது. அப்படியானால் எதற்குக் கேட்கப் போகிறேன் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.