இருமுனாத்தானே வலிக்கும்

“அசையாம கெடந்தா வலிக்கல சார். இருமுனாத்தானே வலிக்கும், அதான் இருமல.”

முக்கூடல் பக்கத்து பீடி சுற்றும் அம்மா, 46 கிலோ. சீழ் கட்டி இறுகிய தோலியை வலது நுரையீரல் மேலிருந்து உரித்தெடுத்த மறுநாள் காலையில் சொன்னது. கேஸ் ஷீட்டில் இரவு முழுக்க வலி பத்துக்கு 2, 3 என்றுதான் இருந்தது. மார்பின் (morphine) என்ற வலி மருந்துக்கான கட்டத்தில் பூஜ்யம். அதைப் பார்த்து எனக்குச் சந்தோஷம். இன்றுவரை உறுத்துவது அந்தச் சந்தோஷம்தான்.

மார்பின் இல்லாமலே வலியை அடக்கும் திட்டம் தப்பில்லை என்றே இப்போதும் நினைக்கிறேன். மார்பின் மூச்சைக் குறைக்கும், குமட்டும், மலத்தைக் கட்டும். தூங்கி வழிகிறவரால் எழுந்து உட்கார்ந்து மூச்சுப் பயிற்சிக்கான ஸ்பைரோமீட்டர் பந்தை உறிஞ்சித் தூக்க முடியாது. அதனால் பாராசிட்டமால், கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 690 மி.கி., 6 மணிக்கு ஒரு தரம் டிரிப்பில். 50 கிலோவுக்குக் கீழே உள்ளவருக்கு 1 கிராம் பாட்டிலை முழுசாக ஓடவிடக் கூடாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.6 இருந்ததால், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்குளோஃபெனாக் பக்கம் போகவில்லை. முதுகெலும்பை ஒட்டி, விலா நரம்புகள் வெளியேறும் இடத்தில், டி5 (ஐந்தாவது மார்பு முள்ளெலும்பு) அளவில் கதீட்டர் என்ற மெல்லிய குழாய், அதில் நரம்பை மரக்கவைக்கும் 0.2 சதவீத ரோபிவக்கைன் மணிக்கு 6 மி.லி.

கோளாறு அந்த இடத்தில்தான். இந்த மருந்து நரம்பைச் சுற்றித் தேங்கி நிற்க, நெஞ்சின் உள்பக்கச் சவ்வு கிழியாமல் இருக்க வேண்டும். தோலியை உரிக்கிற ஆபரேஷனில் அது பெரும்பாலும் முழுசாக மிஞ்சுவதில்லை. கிழிந்திருந்தால் மருந்து நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்து, டிரெயின் டியூப் வழியாகப் பாட்டிலில் போய்ச் சேரும். பம்ப் ஒழுங்காக ஓடும், கதீட்டர் நழுவியிருக்காது, ஒட்டுப் பிளாஸ்திரி நனைந்திருக்காது. நரம்பு மட்டும் மரத்திருக்காது. கையுறை விரலில் ஐஸ் துண்டைப் போட்டு மார்புக்காம்பிலிருந்து கீழே தடவி, குளிர் தெரிகிறதா என்று கேட்டிருந்தால் இரண்டு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஆர்டரில் நான் அதை எழுதவில்லை.

சிஸ்டரைக் குறை சொல்ல மாட்டேன். ஷீட்டில் இருந்த கேள்வி “வலிக்குதா” என்பதுதான், கேட்டிருக்கிறார்கள். படுத்துக் கிடப்பவரிடம் கேட்டால் 2 என்றுதான் வரும். அதிலும் நம் ஊர்ப் பக்கத்துப் பெரியவர்கள் டாக்டரிடம் வலியைச் சொல்லத் தயங்குவார்கள். “பொறுத்துக்கிடுதேன்” என்பார்கள். நான் போய் “ஒரு இருமு இருமுங்கம்மா” என்றதும் அந்த அம்மாவின் கை டியூப் மேல் போய் நின்றது. தொண்டையில் ஒரு செருமல், அவ்வளவுதான். ஸ்டெதஸ்கோப்பில் வலது அடிப்பக்கம் மூச்சுச் சத்தமே இல்லை. சளி உள்ளே தேங்கிவிட்டது.

மார்பின் 1 மி.கி., பத்து நிமிஷம் விட்டு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணினோம், கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பார்த்தோம். 3 மி.கி.க்குப் பிறகு தலையணையைத் தையல் மேல் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருமினார். கெட்டியாக, மஞ்சளாக வந்தது. மத்தியானம் அந்தக் கதீட்டரை எடுத்துவிட்டு, முதுகுத் தசைக்கு அடியில், சவ்வுக்கு வெளியே வேறு ஒன்று வைத்தோம். 2016-ல் வந்த முறை அது. தோள்பட்டை வலி மட்டும் போகவில்லை. அது வேறு நரம்பின் வழியாக வருவது, நரம்பை மரக்கவைக்கும் இந்தப் பிளாக்குக்கு மசியாது.

3 மி.கி. முந்தின ராத்திரியே கொடுத்திருக்கலாம். கொடுத்து, வார்டில் ஆள் குறைவான சாமத்தில் மூச்சு நிமிஷத்துக்கு 8-க்கு இறங்கியிருந்தால் இன்றைக்கு அதை நினைத்துக் கிடந்திருப்பேன். அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அன்று மார்பின் வேண்டாம் என்று வைத்தது அந்த அம்மாவுக்காகவா, ஷீட்டில் பூஜ்யம் நிற்பதற்காகவா?

இப்போது ஷீட்டில் வலிக்கு இரண்டு கட்டம்: படுத்திருக்கும்போது, இருமும்போது. இருந்தும் ராத்திரி வார்டிலிருந்து போன் வந்தால் என் வாயில் முதலில் வருவது, “மார்பின் இல்லாம பார்க்க முடியுமா சிஸ்டர்?”