மாதம் இருபதாயிரத்துக்கு ஒரு உறுப்பினர்

2026 ஜனவரி 4, ஞாயிறு

இந்த மாதத்திலிருந்து இலங்கையின் குறைந்தபட்சச் சம்பளம் 30,000 ரூபாய். கடையில் பில் போடும் பிள்ளைக்கும் அதற்குக் குறையக் கொடுத்தால் சட்டப்படி பிழை. மாநகர சபை உறுப்பினருக்கு மாதக் கொடுப்பனவு 20,000, நகர சபை, பிரதேச சபை என்றால் 15,000. முழுநேர வேலை இல்லை என்பார்கள், சரி, ஆனால் குப்பை லொறி வராவிட்டால் காலை ஆறு மணிக்கு யாருக்குக் கோல் எடுக்கிறோம்?

இந்தக் கொடுப்பனவு போதாது என்று அத்தானிடம் சொன்னேன். "அவங்களுக்கு அதுவே கூட" என்றார். கோபம் நியாயம்தான். போன செப்டம்பரில் முன்னாள் ஜனாதிபதிகளின் சலுகைகளை ரத்துச் செய்து சட்டம் வந்தபோது நானும் சந்தோஷப்பட்டவன். ஆனால் கொழும்பு விஜேராமையில் அரச மாளிகை வைத்திருந்த முன்னாள் ஜனாதிபதியையும் வட்டாரத்தில் வடிகான் துப்புரவாக்க ஆள் தேடி அலைபவரையும் ஒரே கணக்கில் போடக்கூடாது.

ஜனவரி 10, சனி

எனக்குத் தெரிந்த ஓர் அக்கா கொழும்புப் பக்கம் ஒரு சபையில் உறுப்பினர். பெயரும் கட்சியும் வேண்டாம். சட்டை தைத்து வாழ்ந்தவர், 25 வீதப் பெண்கள் ஒதுக்கீட்டில் உள்ளே போனவர். இன்று அவருடைய கொப்பியைக் காட்டினார். தையல் அளவு எழுதும் அதே கொப்பியின் பின்பக்கம்: மரண வீடு, மலர் வளையம். சாமத்திய வீடு, கவர். ஓட்டோ. ரீலோட். மறுபடி மரண வீடு. பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குக் கேடயம். திட்வா புயல் வெள்ளத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் என்று ஒரு பக்கம் முழுக்க.

"மரண வீட்டுக்கு வெறுங்கையோட போக ஏலுமா தம்பி?" என்றார். கொடுப்பனவு மாதம் பாதியிலேயே முடிந்துவிடுகிறதாம், மிச்சம் தையல் காசு, அதுவும் ஒவ்வொரு கூட்டத்துக்கும் போக வேண்டியிருப்பதால் குறைந்துவிட்டது. மலர் வளையத்துக்கு வரிப்பணம் தரச் சொல்லவில்லை, அந்தப் பழக்கமே ஒழிய வேண்டும். ஓட்டோக் காசும் போன் காசும் அப்படியில்லையே.

இப்படியே போனால் சபைக்கு வரக்கூடியவர் யார்? சொந்தமாகக் கடை, பஸ், காணி உள்ளவர். அல்லது கொந்தராத்துக்காரரோடு சிநேகிதம் உள்ளவர். கொடுப்பனவைக் குறைத்து வைப்பதில் மிச்சம் பிடிக்கிறோம் என்று நினைக்கிறோம், அந்த மிச்சம் ரோட்டுப் போடும் பில்லில் போய் விடியும்.

ஜனவரி 16, வெள்ளி

பொங்கல் லீவில் கொஞ்சம் கணக்குப் பார்த்தேன். கொழும்பு மாநகர சபையில் 117 பேர், ஆளுக்கு 20,000 என்றால் மாதம் 23 இலட்சத்து 40 ஆயிரம். அதே சபையில்தான் டிசம்பர் 22 வரவு செலவுத் திட்டம் மூன்று வாக்கில் தோற்றது. ஒரு வாக்கு இவ்வளவு பாரமாக இருக்கிற இடம்.

அத்தானின் பக்கமும் ஒரு கணக்கு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 2018இல் உள்ளூராட்சிக்குப் புதிய தேர்தல் முறை வந்ததும் நாடு முழுக்க உறுப்பினர் தொகை நாலாயிரத்துச் சொச்சத்தில் இருந்து எண்ணாயிரத்தைத் தாண்டியது. ஆளுக்குப் பத்தாயிரம் கூட்டினால் மாதம் எட்டுக் கோடிக்கு மேல். எனக்கென்றால் ஆளைக் குறைத்து, இருப்பவருக்கு ஒழுங்காகக் கொடுப்பதுதான் சரி. ஆனால் எந்தக் கட்சி தன் ஆட்களின் ஆசனத்தைத் தானே வெட்டும்?

தமிழ்நாட்டில் 2023 ஜூலையில் இருந்து மேயருக்கு 30,000, மாநகராட்சிக் கவுன்சிலருக்கு 10,000 இந்திய ரூபாய் மதிப்பூதியம். இங்கிலாந்தில் தொகையைப் பற்றி முதலில் பரிந்துரை சொல்வது சபைக்கு வெளியே உள்ள ஒரு சுயாதீனக் குழு, 2003 ஒழுங்குவிதிகளின்படி குறைந்தது மூன்று பேர். கடைசியில் முடிவெடுப்பது சபைதான், ஆனால் குழு சொன்னதை மீறிக் கூட்டினால் ஊருக்குத் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது அந்த வெளிச்சம்தான்.

ஜனவரி 25, ஞாயிறு

அக்காவிடம் என் யோசனையைச் சொன்னேன். கொடுப்பனவைக் குறைந்தபட்சச் சம்பளத்தோடு கட்டிவிட வேண்டும், அது கூடினால் இதுவும் கூடும், யாரும் கையுயர்த்தித் தங்களுக்கே கூட்டிக்கொள்ளத் தேவையில்லை. அதோடு இப்போது இருக்கிறவர்களுக்கு இல்லை, அடுத்த சபையில் இருந்து.

"அடுத்த சபைக்கு நான் நிக்கப் போறதில்லை" என்றார், ஊசியில் நூல் கோர்த்தபடி. "இப்ப ஓட்டோக் காசுக்கு என்ன செய்யிற?"

பற்றுச்சீட்டுக் காட்டினால் போக்குவரத்துக் காசைத் திருப்பித் தரலாம், அது சம்பள உயர்வு இல்லை, அடுத்த சபை வரை காத்திருக்கவும் வேண்டாம் என்றேன். ஓட்டோக்காரன் பற்றுச்சீட்டுத் தருவானா என்று கேட்டார். போனில் அப் வழியாக ஓட்டோ பிடித்தால் போனுக்கே பில் வருகிறதே என்றேன். அவருடையது பட்டன் போன்.