மட்டக்களப்புக் கல்லடியில் இருந்து சிங்கப்பூருக்கு, இரண்டு சின்னப் பிள்ளைகளோடு

"பச்சைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வெளிநாடா?" என்று கேட்ட எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். தைரியமாகப் போங்கள். வளரட்டும் என்று காத்திருந்தால் செலவுதான் கூடும்.

மகனுக்கு ஐந்து வயது, மகளுக்கு ஒன்றரை. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு சிங்கப்பூர் விசா கேட்பதில்லை. நாலு பேரின் விசாக் காசும் மிச்சம். வருகை அட்டையை மட்டும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும், அது இலவசம். இரண்டு வயது ஆகாததால் மகள் மடியிலேயே வந்தாள், அவளுக்குத் தனி இருக்கைக் காசு இல்லை. அங்கே 90 சென்ரிமீற்றருக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு பஸ், ரயில் எல்லாம் சும்மா.

கார்டன்ஸ் பை த பே என்ற தோட்டத்தில் பெரிய இரும்பு மரங்கள் இரவு 7.45க்குப் பாட்டோடு ஒளிரும். டிக்கெட் இல்லை. நிலத்தில் துவாயை விரித்துப் படுத்துக்கொண்டு பார்த்தோம். மகன் என் விரலை இறுக்கிப் பிடித்து, "அம்மா, மரம் மூச்சு விடுது" என்றான். அந்த ஒரு இரவுக்கே போய்வந்தது காணும். அதே தோட்டத்தில் பிள்ளைகள் தண்ணீரில் விளையாடும் இடமும் இலவசம், மாற்று உடுப்பு கொண்டுபோங்கள்.

சாப்பாட்டுக்கு லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்கா சந்தைத் தோசை. மகளுக்கு வீட்டிலிருந்து கொண்டுபோன சமபோஷ சத்துமா. குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம், போத்தல் வாங்கத் தேவையில்லை.

மட்டக்களப்பில் இருந்து இரவு பஸ்ஸில் போய் அப்படியே விமானம் ஏறியதுதான் பிழை. இரண்டு பேரும் அழுது களைத்துவிட்டார்கள். அடுத்த முறை நீர்கொழும்பில் ஒரு இரவு தங்கிவிட்டுத்தான் கட்டுநாயக்கா விமான நிலையம்.