ஒரு கண்ணுல மட்டும் பனி

எனக்கு 26 வயசு, ஊரு கோத்தகிரி பக்கம். போன ஐப்பசியில இடது கண்ணு லேசா செவந்து, வெளிச்சம் பட்டா கூச ஆரம்பிச்சுது, கூடவே கொசு பறக்குற மாதிரி கறுப்புப் புள்ளிங்க. மங்கலா தெரிஞ்சதும் வெளிய மூடுபனிதானேன்னு விட்டுட்டேன். ஒருநாள் காலையில காலண்டர்ல தேதி கிழிக்கிறப்போ வலது கண்ணை மூடிப் பாத்தா அவ்ளோ பெரிய தேதியே புகைக்குள்ள இருக்கு. வயித்தக் கலக்கிடுச்சு.

அப்பவும் நான் பண்ண தப்பு, மெடிக்கல்ல கேட்டு சொட்டு மருந்து வாங்கி அஞ்சு நாள் விட்டது. செவப்பு கொறஞ்சுது, பார்வை இன்னும் மோசமாச்சு. அது ஸ்டீராய்டு சொட்டுன்னு அப்புறம்தான் தெரியும்.

அம்மாவும் நானும் முதல் பஸ்ஸ புடிச்சு மேட்டுப்பாளையம் எறங்கி கோயம்புத்தூர் போனோம். கண்ணை விரிய வைக்கிற சொட்டு விட்டு ஒக்கார வெச்சாங்க, அப்புறம் டாக்டரம்மா லைட் அடிச்சு ரொம்ப நேரம் பாத்தாங்க. விழித்திரையில ஒரு பழைய தழும்பு, அதோட ஓரத்துலயே புதுசா வெள்ளையா ஒரு புண்ணு, அதுக்கு முன்னாடி கண்ணுக்குள்ள எல்லாம் கலங்கல். "நீங்க மலைக்காரங்கதானே, பனியில எதுக்க வர்ற வண்டி ஹெட்லைட் எப்படித் தெரியும், உங்க கண்ணுக்குள்ள அப்படித்தான் இருக்கு"ன்னாங்க. டாக்ஸோபிளாஸ்மான்னு ஒரு ஒட்டுண்ணியாம். ரத்தம் எடுத்தாங்க, ஸ்கேன் எடுத்தாங்க, சல்ஃபா மருந்து ஒத்துக்குமான்னு கேட்டாங்க, சுகரும் பாத்தாங்க.

மொதல்ல கோட்ரைமாக்சசோல்னு கிருமிக்கான சல்ஃபா மாத்திரை, காலையில ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ஆறு வாரம். மூணாவது நாள்தான் வீக்கத்த அடக்குற ஸ்டீராய்டு மாத்திரை சேத்தாங்க, அதையும் கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சாங்க. கிருமிக்கு மருந்து இல்லாம ஸ்டீராய்டு மட்டும் போனா புண்ணு பரவும்னு சொன்னப்போ அந்த அஞ்சு நாள நெனச்சு பஸ்ல வர்ற வழியெல்லாம் அழுதேன், விரிஞ்ச கண்ணுல வெயில் வேற. ஸ்டீராய்டுல தூக்கமே வராது, பசி பசின்னு இருக்கும், மூஞ்சி உப்பிடுச்சு, ஆனா நானா நிறுத்தல, நீங்களும் நிறுத்தாதீங்க.

எப்படி வந்துச்சுன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னுட்டாங்க. பூனை மலத்துல இருந்து மண்ணுக்கும் தண்ணிக்கும் போகுமாம், சரியா வேகாத கறியிலயும் வருமாம், நெறைய பேருக்கு வந்ததே தெரியாதாம். எங்க தோட்டத்துல கேரட்டப் புடுங்கி பேண்ட்ல தொடச்சு கடிக்கிறது சின்ன வயசுப் பழக்கம், அதே பாத்தியிலதான் பூனைங்க மண்ணப் பறிச்சு மூடிட்டுப் போகும். குடிக்கிறது ஊத்துத் தண்ணி. 2004, 2005ல கோயம்புத்தூர்ல 248 பேருக்கு இந்தக் கண் நோய் வந்தப்போ குடிதண்ணி மேலதான் சந்தேகப்பட்டிருக்காங்க. குளோரின் போட்டா இது சாகாது, கொதிக்க வைக்கணும், இப்போ வீட்ல எல்லாரும் கொதிக்க வெச்சுதான் குடிக்கிறோம். பூனைய வெரட்டல, அம்மா விடல.

உங்களுக்கு ஒரு கண்ணு மட்டும் மங்கி புள்ளி பறந்தா கடையில சொட்டு வாங்காம, கண்ணை விரிய வெச்சு விழித்திரையப் பாக்க சொல்லுங்க. தழும்பு போகாது, அங்கிருந்து நோய் திரும்ப கிளம்பலாம்னு சொல்லியிருக்காங்க, அதனால தெனமும் வலது கண்ணை மூடிக் காலண்டரைப் பாக்குறேன். தேதி பளிச்சுனு தெரியுது. கீழ ராகுகாலம் போட்டிருக்குற சின்ன எழுத்துதான் இன்னும் கொஞ்சம் கலங்கலா இருக்கு.