செர்வோவை சேசிஸுக்கு ஏற்றியாயிற்று: 1/10 டிரக்கில் ஸ்டீயரிங் மாற்றம்

எங்கள் ரிமோட் டிரக்கில் முன் ஆக்சிலின் மேல் உட்கார்ந்திருந்த செர்வோ (சக்கரத்தைத் திருப்பும் சிறு மோட்டார்) இப்போது சேசிஸ் ரெயிலுக்கு (வண்டிச் சட்டத்தின் நீளக் கம்பிக்கு) மாறிவிட்டது. ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் குறுக்கே போகும் பன்ஹார்ட் கம்பி பூட்டியாயிற்று. செர்வோவின் திருப்பலைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிராக் லிங்க் கம்பியின் நீளமும் முடிவாகிவிட்டது. பம்பரைத் திரும்ப மாட்டுவதும் வயர்களை ஒதுக்கிக் கட்டுவதும்தான் மிச்சம். வண்டி பாறையேறும் மாடலான பழைய எஸ்சிஎக்ஸ்10 வகை, நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு. 2016-இல் வந்த எஸ்சிஎக்ஸ்10 இரண்டாம் தலைமுறையிலும் 2017-இல் வந்த டிஆர்எக்ஸ்-4-இலும் கம்பெனியே செர்வோவை சேசிஸில் வைத்துத் தந்தது. பழைய வண்டியில் நாமே செய்துகொள்ள வேண்டும்.

ஆக்சில் மேல் செர்வோ இருந்தால், சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது அது சேசிஸில் முட்டும். அதற்காகவே வண்டியை உயரமாக நிறுத்த வேண்டியிருக்கும். ஓடைக்குள் இறங்கினால் முதலில் நனைவதும் அதுதான். மாற்றினால் ஒரு நஷ்டமும் உண்டு: சுமார் 60 கிராம் எடை ஆக்சிலிலிருந்து மேலே ஏறிவிடும். பினாங்கின் பத்து பெரிங்கிப் பக்கத்துக் கருங்கல் பாறைகளில் செங்குத்தாக ஏறும்போது அந்த வித்தியாசம் தெரியும். சக்கரத்துக்குள் பித்தளை எடை போட்டு அதை ஈடுகட்டலாம்.

பலரும் முதலில் பெரிய செர்வோவைத் தேடுகிறார்கள். பன்ஹார்ட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். செர்வோ சேசிஸில் இருக்கிறது, சக்கரம் ஆக்சிலில் இருக்கிறது. டயர் பாறையிடுக்கில் மாட்டியிருக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினால், டயர் திரும்பாமல் சேசிஸ் பக்கவாட்டில் நகரும். அதைப் பிடித்து நிறுத்தும் கம்பிதான் பன்ஹார்ட். அதன் ஒரு முனை சேசிஸில், செர்வோ இருக்கும் அதே பக்கம். மறுமுனை ஆக்சிலில், எதிர்ப்பக்கம். போல்ட் ஓட்டையில் அரை மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தாலும் அது நேராக ஸ்டீயரிங்கில் தெரியும்.

பன்ஹார்ட்டும் டிராக் லிங்கும் ஒரே நீளத்தில், முன்னாலிருந்து பார்த்தால் ஒரே சாய்வில் இருக்க வேண்டும். ஏன் என்பதற்குக் கணக்கு இதோ. 100 மி.மீ. பன்ஹார்ட் படுக்கை மட்டத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆக்சில் 15 மி.மீ. மேலே வந்தால், அது பக்கவாட்டில் 1.13 மி.மீ. நகரும். டிராக் லிங்கும் 100 மி.மீ. தான், ஆனால் ஹார்ன் (செர்வோ ஷாஃப்ட்டில் மாட்டும் கை) பக்கம் 10 மி.மீ. உயரமாகச் சாய்ந்திருக்கிறது என்றால், அதன் மறுமுனை எதிர்த்திசையில் 0.38 மி.மீ. போகும். இரண்டும் சேர்ந்து 1.5 மி.மீ. நக்கிளின் (ஆக்சில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் துண்டின்) கை 20 மி.மீ. இருந்தால், யாரும் ரிமோட்டைத் தொடாமலே சக்கரம் 4 டிகிரிக்கு மேல் திரும்பிவிடும். மேடுபள்ளத்தில் வண்டி தானாக ஒரு பக்கம் இழுப்பதற்கு அனேகமாக இதுதான் காரணம். ரிமோட்டில் டிரிம்மை (ஸ்டீயரிங்கின் நடுநிலையை நகர்த்தும் குமிழை) திருகி இதைச் சரிசெய்ய முடியாது.

நீளத்தை ஒரு போல்ட்டின் நடுவிலிருந்து மறு போல்ட்டின் நடுவரை வெர்னியரால் அளக்க வேண்டும். எம்3 மரையில் ராட் எண்டை (கம்பி முனையில் திருகும் மூட்டை) ஒரு முழுச்சுற்று சுற்றினால் 0.5 மி.மீ. மாறும். சாய்வு ஒத்துவரவில்லை என்றால் நக்கிள் பக்கம் 2 அல்லது 3 மி.மீ. ஸ்பேசர் வைத்து டிராக் லிங்க் முனையை உயர்த்தலாம்.

முன் சஸ்பென்ஷனில் மேல் லிங்க் இரண்டும் கோணமாக நிற்கும் 4-லிங்க் (ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் நான்கு கம்பி அமைப்பு) என்றால், பன்ஹார்ட்டை அப்படியே சேர்க்கக் கூடாது. கோணமாக நிற்கும் மேல் லிங்குகள் ஆக்சிலை நேராக ஏறி இறங்கச் சொல்லும், பன்ஹார்ட் வளைவாகப் போகச் சொல்லும். இந்த இழுபறியில் சஸ்பென்ஷன் பாதியிலேயே இறுகிவிடும். மேல் லிங்கில் ஒன்றைக் கழற்றி 3-லிங்க் ஆக்க வேண்டும். ஆக்சில் முறுக்கு முழுவதையும் மிச்சமிருக்கும் ஒற்றை மேல் லிங்க்தான் தாங்கும். அதற்கு மட்டும் நல்ல கனமான கம்பியும் ராட் எண்டும் போடுங்கள்.

செர்வோவை வலது ரெயிலில் வைத்திருக்கிறோம். நம் ஊர் ஜீப்புகளில் ஸ்டீயரிங் வலது பக்கம்தானே. பானெட்டைத் திறந்தால் பார்க்க உண்மையாக இருக்க வேண்டும். பிராக்கெட் 3 மி.மீ. அலுமினிய எல்-ஆங்கிள், ஹார்ட்வேர் கடையில் கிடைப்பதே போதும். 2 மி.மீ. தகடு வளைகிறது. செர்வோ குறுக்கே படுத்து, ஷாஃப்ட் முன்னோக்கி இருக்கும். ஹார்ன் கீழே தொங்கி இடவலமாக ஆடும்.

ஹார்னை மாட்டும் முன் ரேடியோவை ஆன் செய்து, டிரிம் சுழியத்தில் இருக்கும்போது செர்வோவை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். 25 பல் ஷாஃப்ட்டில் ஒரு பல் என்பது 14.4 டிகிரி. எனவே மிக நெருங்கிய பல்லில் மாட்டினாலும் 7 டிகிரி வரை விலகி நிற்கலாம். அந்த மிச்சத்தை மட்டும் ரேடியோவின் சப்-டிரிம்மில் (நடுநிலையை நுணுக்கமாகத் திருத்தும் அமைப்பில்) சரிசெய்து, ஹார்னை டிராக் லிங்குக்குச் செங்குத்தாக நிறுத்துங்கள். ஹார்னின் நீளம் நக்கிள் கை அளவுக்கு அருகில் இருக்கட்டும். 20 கிலோ செர்வோ (1 செ.மீ. கையில் 20 கிலோ விசை தருவது) 20 மி.மீ. ஹார்னில் 10 கிலோ விசைதான் தரும், 15 மி.மீ. ஹார்னில் 13 கிலோ தாண்டும், ஆனால் சக்கரம் குறைவாகத் திரும்பும். எண்டு பாயிண்டை (செர்வோ எதுவரை திரும்பலாம் என்ற ரேடியோ வரம்பை) இடது, வலது தனித்தனியாக வையுங்கள். நக்கிள் ஆக்சிலில் முட்டிய பிறகும் செர்வோ தள்ளிக்கொண்டிருந்தால் ‘ங்ஙீ’ என்று முனகும். அந்தச் சத்தம் நிற்கும் வரை குறைக்க வேண்டும். கவனிக்காமல் விட்டால் மோட்டார் கருகிப்போகும்.

டயர் இடுக்கில் மாட்டி ஸ்டீயரிங் திருப்பும்போது வண்டி ஒரு கணம் செத்து மீண்டும் உயிர் பெற்றால், ரிசீவருக்கு வோல்ட் பற்றவில்லை என்று பொருள். ஈஎஸ்சிக்குள் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவிக்குள்) இருக்கும் சிறிய பிஈசி (ரிசீவருக்கும் செர்வோவுக்கும் மின்சாரம் தரும் சுற்று) கனமான செர்வோவுக்குப் போதாது. தனி பிஈசி ஒன்றை நேராக பேட்டரியிலிருந்து எடுத்து, செர்வோவில் குறித்திருக்கும் வோல்ட்டுக்கு வையுங்கள்.

இனி சோதனை. ஷாக்கிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, ஆக்சிலைக் கையால் மேலும் கீழும் குறுக்காகவும் ஆட்டிப் பாருங்கள். முழுதாக அமுங்கிய நிலையில் டிராக் லிங்க் ரெயிலையும், பன்ஹார்ட் ஆக்சிலின் டிஃப் (பல்சக்கர) உருளையையும் தொடக்கூடாது. பிறகு 30 செ.மீ. எஃகு ஸ்கேலை முன் டயரின் பக்கவாட்டில் டேப்பால் ஒட்டி, ரேடியோ ஆனில் இருக்க, சேசிஸை அமுக்குங்கள். சக்கரம் 1 டிகிரி திரும்பினாலே ஸ்கேல் முனை 5 மி.மீ. நகரும். ஆக்சில் பக்கவாட்டில் சிறிது போகலாம், அது இயல்பு. ஸ்கேல் திரும்பக் கூடாது.

கடைசிச் சோதனையைச் சாய்வில் செய்யுங்கள். பினாங்கின் கொடிமலை ஜீப் பாதை போன்ற சரிவில் வண்டியைக் குறுக்கே நிறுத்தினால், பன்ஹார்ட் போல்ட் தளர்ந்திருப்பது உடனே தெரியும்: பாடி பள்ளத்துப் பக்கம் சரிந்து, சக்கரம் தானாகத் திரும்பும். உலோகத்துக்குள் போகும் போல்ட்டுகளுக்கு நீல நிற திரெட்லாக் ஒரு சொட்டு போதும். பிளாஸ்டிக் ராட் எண்டில் அது படக்கூடாது; சில பிளாஸ்டிக்குகளை அது வெடிக்க வைத்துவிடும். அந்த இடங்களில் உள்ளே நைலான் வளையமுள்ள லாக் நட்டே போடுங்கள்.