அ-வில் தொடங்காத வகுப்பு

10 ஜூன் 2024, திங்கள்

ஜூன் 6இல் திறக்க வேண்டிய பள்ளி, வெயிலால் தள்ளிப்போய் இன்றுதான் திறந்தது. வேலூர் மாவட்டத்து வெயிலைப் பற்றிப் புதிதாக எழுத ஒன்றுமில்லை. குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவே, சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் தொடக்கப் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகள் என்னிடம். நான்கும் ஐந்தும் தலைமையாசிரியரிடம். பிள்ளைகளின் பெயர்களை இங்கே எழுதப்போவதில்லை. நான் மனத்துக்குள் வைத்திருக்கும் பட்டப்பெயர்கள் போதும்.

புதிதாகச் சேர்ந்தவர்களில் சிலர் வீட்டில் தெலுங்கு. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கும்போது வேறு எப்படி இருக்கும்? ஒருத்தி வீட்டில் உருது. இன்று யார் கையிலும் பலப்பம் கொடுக்கவில்லை, பேசவிட்டேன். ஒருத்திக்கு உடனே 'பேச்சுக்காரி' என்று பெயர் வைத்தாகிவிட்டது. வீட்டு ஆடு குட்டி போட்ட கதையைத் தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்தாள். குட்டியின் நிறம்வரை எல்லோருக்கும் புரிந்தது.

13 ஜூன், வியாழன்

வாசலில் ஓர் அம்மா பிடித்துக்கொண்டார். "என்ன டீச்சர், இன்னும் அ, ஆ போடவில்லையே? பக்கத்து வீட்டுப் பையன் இங்கிலீஷ் பள்ளியில் ஏ, பி, சி, டி முழுக்க எழுதிவிட்டான்."

ஒவ்வோர் ஆண்டும் யாராவது கேட்கும் கேள்விதான். அ எழுதிப் பாருங்கள்: சுழிக்க வேண்டும், வளைக்க வேண்டும், குறுக்கே இழுக்க வேண்டும், பிறகு நேராக இறங்க வேண்டும். இ இன்னும் மோசம். ஐந்து வயது விரல்களுக்கு இதை முதல் வேலையாகக் கொடுக்கிறவர்கள், பிள்ளையின் கையைப் பிடித்துத் தாங்களே எழுதிவிட்டுப் பிள்ளை எழுதியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள். ட-வுக்கு இரண்டு கோடு. ப-வுக்கு மூன்று. ப எழுதப் பழகிய கை ம-வுக்கும் வளைந்துவிடும். இந்த மூன்றும் ஒரு புள்ளியும் கையில் இருந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று உண்மையான சொற்கள் கிடைத்துவிடுகின்றன. அ, ஆ, இ, ஈ நான்கையும் எழுதி முடித்த பிள்ளையால் எந்தச் சொல்லைப் படிக்க முடியும்? ஈ ஒன்றைத்தான்.

அந்த அம்மாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "ஆடி மாதம் வந்து கேளுங்கள் அம்மா" என்றேன்.

20 ஜூன், வியாழன்

பெயர் எழுதும் நாள். ஒரு பிள்ளை தானாக எழுத விரும்பும் முதல் சொல் தன் பெயர்தான். அந்த ஆசையை வீணாக்கக் கூடாது. ஆனால் இந்தக் காலத்துப் பெயர்களை என்ன செய்வது? ஹர்ஷிணி, ஜஸ்வந்த், தக்ஷிதா, யஷ்வின். ஒரு காலத்தில் என் வகுப்பில் மலர், குமார், கலா என்றெல்லாம் இருந்தார்கள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247 என்று நாம் மார்தட்டும் கணக்கில் ஹ, ஜ, ஷ, ஸ எதுவும் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கோ முதல் வகுப்பின் மிகக் கடினமான சொல் சொந்தப் பெயராக அமைந்துவிடுகிறது. குறை சொல்லிப் பயனில்லை. பெயரை ஒரு படம் போலப் பழகட்டும் என்று ஆளுக்கோர் அட்டையில் எழுதிக் கொடுத்தேன். எழுத்து எழுத்தாகப் பிரிக்கும் வேலையை அதன் மேல் இப்போது செய்யப்போவதில்லை.

2 ஜூலை, செவ்வாய்

இரண்டாம் வகுப்பில் 'அழகெழுத்தன்' என்று ஒருவன். அவன் நோட்டைப் பார்த்தால் யாருக்கும் பொறாமை வரும். கரும்பலகையில் இருப்பது ஒரு புள்ளி பிசகாமல் நோட்டில் இருக்கும். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை, சரி அடையாளம், போன ஆண்டின் 'மிக நன்று'. இன்று பலகையை அழித்துவிட்டு, அவனே எழுதிய 'மரம்' என்ற சொல்லைக் காட்டிப் படிக்கச் சொன்னேன். ஜன்னல் வழியே வேப்பமரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "செடி" என்றான்.

பிறகு அவன் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் கவனித்தேன். ர-வைக் கீழிருந்து மேலே கொண்டுபோகிறான். ம-வை வலப்பக்கத்தில் தொடங்குகிறான். கோலம் பார்த்துக் கோலம் போடுவதுபோல அவனுக்கு அது ஓர் உருவம், ஒலியோடு எந்த ஒட்டும் இல்லை. பார்த்து எழுதுதல் என்ற பயிற்சி இத்தனை ஆண்டுகளாக ஆசிரியரையும் பெற்றோரையும் பார்வையிட வரும் அதிகாரியையும் ஒரே நேரத்தில் ஏமாற்றி வந்திருக்கிறது. வகுப்பும் அமைதியாக இருக்கும், நோட்டும் நிரம்பும். எனக்கு இதன் மேல் தீராத கோபம் உண்டு.

நாளை முதல் அவனுக்கு நோட்டு இல்லை. நான் ஒலியைச் சொல்வேன், அவன் எழுத்தட்டைக் குவியலிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். பாடப்புத்தகத்தில் சொல்லுக்கு மேலே உள்ள படத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு படிக்க வேண்டும். படத்தைப் பார்த்துச் சொல்வதில் இவர்கள் எல்லோரும் சூரர்கள்.

10 ஜூலை, புதன்

எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் வந்தது முதல் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்ற அளவால் பிரித்து உட்கார வைக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பையன் அரும்பில் இருக்கலாம், இரண்டாம் வகுப்புப் பெண் மலரில் இருக்கலாம். நல்ல ஏற்பாடு. பிள்ளைகளுக்குத் தங்கள் இடம் தெரியாது என்று நினைப்பதுதான் வேடிக்கை. எல்லோருக்கும் தெரியும்.

காலை உணவு என்னவென்று கரும்பலகை ஓரத்தில் நான் எழுதிவைப்பது இப்போது பெரிய ஈர்ப்பாகிவிட்டது. உப்புமா நாளில் அது ரவை உப்புமாவா சேமியா உப்புமாவா என்பது முதல் சொல்லைப் படித்தால்தான் தெரியும். அழகெழுத்தன்கூட அங்கே நின்று முட்டுகிறான். நானோ வாய் திறப்பதில்லை.

17 ஜூலை, புதன்

வீட்டுப்பாடத்தை மாற்றிவிட்டேன். எழுதிவர வேண்டாம், இரண்டு வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினால் போதும். இங்கே பல அம்மாக்கள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு மாலை முழுக்கப் பீடி சுற்றுகிறவர்கள். கை ஓயாது, காது சும்மாதான் இருக்கிறது.

ஒருவர் வந்து தயங்கியபடி, "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர். அவன் தப்பாகப் படித்தால் எனக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"கேட்கும்போது உங்களுக்குப் புரிகிறதா என்று மட்டும் பாருங்கள் அம்மா. புரியாவிட்டால் மறுபடி படிக்கச் சொல்லுங்கள்."

இதைவிட நல்ல தேர்வாளர் எனக்குக் கிடைக்க மாட்டார். 'ப...ட்...ட...ம்' என்று தனித்தனியாக உதிர்ப்பவனை நான்கூடச் சில நேரம் விட்டுவிடுவேன். அவர் விடமாட்டார், பட்டம் என்று காதில் விழுந்தால்தான் அவருக்குப் பட்டம்.

30 ஜூலை, செவ்வாய்

நேற்று ஆடிக் கிருத்திகை. இன்று வகுப்பில் பாதித் தலைகள் மொட்டை, சந்தனம் இன்னும் காயவில்லை. திருத்தணிக்குப் போனவர்கள், வள்ளிமலைக்குப் போனவர்கள் என்று இரண்டு கட்சி. இப்படி ஒரு நாள் அமைந்தால் பாடப்புத்தகத்தைத் திறக்கவே கூடாது. ஆளுக்கொரு வரி சொல்லச் சொல்லிப் பலகையில் எழுதினேன். 'அப்பா காவடி எடுத்தார்.' 'எனக்கு மொட்டை.' 'பஸ்ஸில் தம்பி வாந்தி.' தான் சொன்ன வரியைப் படிக்காத பிள்ளையே இல்லை. எழுத்து தெரியாதவர்கள் நினைவிலிருந்து படித்தார்கள். பிறகு 'காவடி எங்கே இருக்கிறது, காட்டு' என்றதும் விரல் சரியான இடத்துக்குப் போனது. தொடங்குவதற்கு அது போதும்.

ஒரு சிக்கல். எங்கள் பக்கத்துப் பேச்சில் 'எடுத்துகினு' என்றுதான் வரும். நான் 'எடுத்துக்கொண்டு' என்று எழுதினால், "நான் அப்படிச் சொல்லவில்லையே" என்கிறாள் பேச்சுக்காரி. அவள் சொல்வது நியாயம். ஒன்றாம் வகுப்பில் அவள் சொன்னபடியே எழுதிவிடுவது என்று வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பில் மாற்றிக்கொள்ளலாம். தலைமையாசிரியருக்கு இது அறவே பிடிக்கவில்லை. "தொட்டில் பழக்கம், டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று. 'நான் பயம் சாப்பிட்டேன்' என்று எழுதியிருந்தான் ஒருவன். பழத்தைப் பயம் என்று சொல்லும் ஊர் இது. கேட்டதைக் கேட்டபடி எழுத்தாக்கிவிட்டான், எனவே அவன் காதிலும் கையிலும் பழுதில்லை. 'படம்' என்று சொன்னதற்குப் 'பம்ட' என்று எழுதுபவனின் சிக்கல் வேறு. இரண்டுக்கும் ஒரே சிவப்புச் சுழி போடுவது அநியாயம்.

8 ஆகஸ்ட், வியாழன்

உகர வரிசையில் வண்டி நின்றுவிட்டது. கால் போட்டால் கா, பா, மா என்று ஒரே ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்குக் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, து ஒரு மாதிரி. "கு-வுக்கு வட்டம் போட்டோம், பு-வுக்கு ஏன் டீச்சர் கோடு?" என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. கூட்டம் கூட்டமாகப் பிரித்துத்தான் கற்பிக்கிறேன்: கு, டு, மு, ரு ஒரு வீடு, சு, பு, யு, வு ஒரு வீடு, து, நு, று, லு ஒரு வீடு. வரிசை மாறுகிறது என்று யாராவது முறையிட்டால் முறையிடட்டும்.

22 ஆகஸ்ட், வியாழன்

மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி விடுப்புக் கடிதம் கொண்டுவந்தாள். தாத்தா எழுதியது. "டீச்சர், தாத்தாவுக்கு எழுதத் தெரியவில்லை" என்று சிரித்தாள். 'வேலை' என்ற சொல்லில் லகரத்தின் தலைக்கு மேலே அந்தப் பழைய தும்பிக்கை! பார்த்து எத்தனை காலமாயிற்று. பெரியார் 1935இல் குடியரசு இதழில் கையாளத் தொடங்கிய சீர்திருத்தத்தை எம்.ஜி.ஆர். அரசு 1978இல் ஆணையாக்கியது. ணை, லை, ளை, னை, றா, னா என்று 13 எழுத்துகள் இன்றைய உருவத்துக்கு வந்தன. தாத்தா அதற்கு முன்பே பள்ளியை முடித்தவர். பழைய உருவங்களைப் பலகையில் எழுதிக் காட்டினேன். வகுப்பு முழுக்கத் தும்பிக்கை வரைந்து தள்ளியது.

கல்வியாளர் வா.செ. குழந்தைசாமி போன்றவர்கள் இகர, உகர வரிசைகளையும் இதேபோலச் சீராக்கச் சொன்னார்கள். என் வகுப்பு படும் பாட்டைப் பார்த்தால் நான் முதல் ஆளாகக் கைதூக்க வேண்டும். ஆனால் தூக்க மாட்டேன். பஸ் பலகை முதல் ரேஷன் கடை அறிவிப்புவரை ஊர் முழுக்க எழுதிக்கிடப்பதைப் படிக்கத்தானே இந்தப் பாடு? சில வாரச் சிரமத்துக்காக அத்தனையையும் அந்நியமாக்க மனம் வரவில்லை.

11 செப்டம்பர், புதன்

'கொடி' என்பதைக் 'கெ...கா...டி' என்று படிக்கிறார்கள். கண் முதலில் பார்ப்பது கொம்பு, வாய் கடைசியில் சொல்ல வேண்டியதும் அதையே. ஓர் அட்டையில் இடப்பக்கம் கொம்பும் வலப்பக்கம் காலும் எழுதி, நடுவே சதுரமாக வெட்டி எடுத்தேன். அடியில் க, த, ப, ம எழுதிய நாடாவை இழுத்தால் கொ, தொ, பொ, மொ. மூன்று துண்டும் சேர்ந்து ஒரே ஒலி என்பது பிடிபட்டுவிட்டது. நாடாவை இழுக்கச் சண்டை. ஔகாரத்தை இந்த ஆண்டுக் கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். ஔடதம் இல்லாமல் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

மூன்றாம் வகுப்புக்கு 'மூன்று சுழியா, இரண்டு சுழியா' தகராறு. இதில் தலைமையாசிரியர் கெட்டிக்காரர். அடுத்து நிற்பது யார் என்று பார் என்கிறார். ட நின்றால் ண் (வண்டி), த நின்றால் ந் (பந்து), ற நின்றால் ன் (கன்று). டண்ணகரம், தந்நகரம், றன்னகரம் என்ற பெயர்களிலேயே விதி இருக்கிறது. எல்லாச் சொல்லுக்கும் இது உதவாது. மணமும் மனமும் மனப்பாடம்தான்.

26 செப்டம்பர், வியாழன்

காலாண்டுத் தேர்வு. அழகெழுத்தன் சொல்வதை எழுதுதலில் பாதிக்கு மேல் சரியாக எழுதினான். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறது. நோட்டைப் பார்த்த அவன் அப்பாவுக்கு வருத்தம்: "போன வருடம் எவ்வளவு அழகாக எழுதினான்!" பையனைக் கூப்பிட்டு, அவர் சட்டைப் பையில் இருந்த பஸ் டிக்கெட்டைப் படிக்கச் சொன்னேன். திக்கித் திணறி ஊர்ப் பெயரைப் படித்தான். அவர் டிக்கெட்டை வாங்கித் தானும் ஒருமுறை படித்துப் பார்த்துக்கொண்டார்.

12 அக்டோபர், சனி

விஜயதசமிச் சேர்க்கை. தட்டில் அரிசி பரப்பி விரல் பிடித்து அ எழுதவைத்தோம். இன்று ஒரு நாள் அ-வுக்கு விட்டுக்கொடுக்கலாம். ஊரின் ஆசை அது.

பேத்தியைச் சேர்க்க வந்த ஒரு பாட்டி, இரட்டைக் கோடு நோட்டு வாங்கட்டுமா, நான்கு கோடா என்று கேட்டார். "இரண்டும் வேண்டாம் பாட்டி, ஒரு சிலேட்டு, ஒரு பெட்டி பலப்பம். தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றேன். தலையை ஆட்டினார். பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தால் எதிர்க் கடையில் இரண்டு வகை நோட்டிலும் ஒவ்வொரு டஜன் வாங்கிக்கொண்டிருந்தார்.