இன்கா மலைப்பாதையில் நடந்து படிக்க விரும்பும் மாணவர்களுக்கு

முதுகலைத் தொல்லியல் ஆய்வேட்டிற்காகப் பெரு நாட்டின் இன்கா இடிபாடுகளை நடந்து பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, அதே பாதையில் போக எண்ணும் மாணவர்கள் பெரும்பாலும் செலவைப் பற்றியும் உடற்பயிற்சியைப் பற்றியும்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவற்றுக்கு முன்பாக, எந்தக் கேள்வியோடு போகிறீர்கள் என்பதை முடிவு செய்துகொள்ளுங்கள் என்றே அவர்களிடம் சொல்வேன். மச்சு பிச்சுவை மட்டும் பார்ப்பதற்கு ரயிலும் பேருந்தும் போதும். கால்நடையாகப் போக ஒரு காரணம் வேண்டும். எனக்கு அந்தக் காரணம் தண்ணீர்: ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் செங்குத்தான சரிவில் கட்டப்பட்ட சுவர்கள் ஐந்து நூற்றாண்டுகளுக்கும் மேலாகச் சரியாமல் நிற்பது எப்படி என்பதை அறிய விரும்பினேன். எந்த வழியில் போவது, எந்த மாதத்தில் போவது, எதை முதலில் வாசிப்பது என்பதையெல்லாம் அந்த ஒரு கேள்வியே தீர்மானித்துக் கொடுத்தது.

வாசிப்பைக் குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். இன்காக்கள் கிப்பு என்னும் முடிச்சுக் கயிறுகளில் கணக்கு வைத்தார்களே தவிர, நாம் வாசிக்கக்கூடிய எழுத்து எதையும் விட்டுச் செல்லவில்லை. அதனால் மச்சு பிச்சுவைப் பற்றிய கருத்துகள் பலமுறை மாறியிருக்கின்றன. அந்த மாற்றங்களைக் கால வரிசைப்படி வாசிப்பதே நல்ல பயிற்சி. 1911 ஜூலையில் ஹிராம் பிங்ஹாம் என்ற அமெரிக்க ஆய்வுப் பயணியை மேலே அழைத்துச் சென்றவர் மெல்சோர் அர்த்தியாகா என்ற உள்ளூர் விவசாயி. அங்கே அப்போதே சில குடும்பங்கள் பழைய அடுக்கு வயல்களில் பயிர் செய்துகொண்டிருந்தன. இன்காக்களின் கடைசிப் புகலிடமான வில்கபாம்பா இதுதான் என்று பிங்ஹாம் நம்பினார். இன்றைய ஆய்வாளர்கள் அந்த நகரை எஸ்பிரித்து பம்பா என்ற இடத்தில் வைக்கிறார்கள். பின்னாளில் ஜான் ரோவ் என்ற ஆய்வாளர் 1568ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றைக் கொண்டு, இது பதினைந்தாம் நூற்றாண்டு இன்கா மன்னர் பச்சகுட்டியின் சொந்த நிலத்தில் எழுந்த அரச மாளிகை என்று காட்டினார். 2021இல் வெளியான கதிரியக்கக் கார்பன் ஆய்வு, இங்கே மக்கள் வாழத் தொடங்கிய காலம் முன்பு எண்ணியதைவிட முந்தையது, 1420ஐ ஒட்டியது என்று காட்டியது. வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எது எந்தக் காலத்துக் கருத்து என்பதைப் பிரித்தறிய இந்த வாசிப்பு உதவும்.

அடுத்ததாக, பொறியியல் ஆய்வுகளை விடாமல் படியுங்கள். கென்னத் ரைட் என்ற நீரியல் பொறியாளரின் குழுவினர் மச்சு பிச்சுவை அளந்து எழுதியவை என் கேள்விக்கு நேரான பதிலாக அமைந்தன. மலைச்சரிவு ஊற்றிலிருந்து ஏறத்தாழ 750 மீட்டர் நீளமுள்ள ஒரு வாய்க்கால் தண்ணீரைக் கொண்டுவந்து பதினாறு நீரூற்றுத் தொட்டிகளுக்கு வரிசையாகத் தருகிறது. முதல் தொட்டி மன்னரின் இருப்பிடத்தை ஒட்டியே இருக்கிறது. அடுக்கு வயல்களின் அடியில் பெருங்கற்கள், அவற்றின்மேல் சரளை, அதன்மேல் மண் என்று அடுக்கியிருக்கிறார்கள். மழைநீர் சுவரைத் தள்ளாமல் வடிந்துவிடுகிறது. கட்டுமான உழைப்பில் பாதிக்கும் மேற்பட்டது கண்ணுக்குத் தெரியாமல் நிலத்தடியில் இருக்கிறது என்பது அவர்களின் மதிப்பீடு. இதைப் படிக்காமல் போனால் அழகான கற்களை மட்டுமே பார்த்துவிட்டுத் திரும்ப நேரும்.

பாதைத் தேர்வில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. சல்கந்தாய் வழி 4,600 மீட்டர் கணவாயைக் கடக்கும் அற்புதமான பனிமலைப் பாதை. ஆனால் இடிபாடுகள் குறைவு. சோக்கேகிராவ் என்ற மற்றோர் இன்கா இடிபாட்டுக்குப் போகும் வழியில் அபூரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கி மறுகரையில் ஏற வேண்டும்; நல்ல உடல்வலு உள்ளவர்களுக்கு, கூட்டமில்லாத இடத்தில் அமைதியாக அளக்கவும் வரையவும் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. இடிபாடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படிக்க விரும்புவோருக்கு, ரயில் பாதையின் 82ஆம் கிலோமீட்டர் என்ற இடத்தில் தொடங்கும் நான்கு நாள் இன்கா பாதையே ஏற்றது. ஏறத்தாழ 43 கிலோமீட்டருக்குள் ருங்குரகாய், சயக்மார்க்கா, புயுபட்டமார்க்கா, விஞ்ஞய் வைனா ஆகிய இடிபாடுகள் எல்லாம் வரிசையாக வருகின்றன. வழிகாட்டிகளும் சுமைதூக்குவோரும் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்கு மட்டுமே அனுமதி. உரிமம் பெற்ற முகவர் மூலமாகத்தான் அனுமதிச் சீட்டு எடுக்க முடியும். கடவுச்சீட்டு எண் எழுத்துப் பிசகாமல் பொருந்த வேண்டும். பிப்ரவரியில் பராமரிப்புக்காகப் பாதையை மூடிவிடுவார்கள். முகவரைத் தேர்ந்தெடுக்கும்போது சுமைதூக்குவோருக்கு என்ன கூலி, எவ்வளவு சுமை, எங்கே தூக்கம் என்று கட்டாயம் கேளுங்கள். கெச்சுவா மொழி பேசும் அந்த மனிதர்களின் உழைப்பில்தான் நம் படிப்பு நடக்கிறது.

மாதத்தைப் பொறுத்தவரை மே என் தேர்வு. மழைக்காலம் முடிந்திருக்கும், ஆனால் ஊற்றுகளில் தண்ணீர் வற்றியிருக்காது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் தெளிவாக இருந்தாலும் கூட்டம் மிகுதி, இரவுக் குளிரும் கடுமை. 2010 ஜனவரியில் வெள்ளத்தால் ரயில் பாதை துண்டிக்கப்பட்டு ஆயிரக்கணக்கான பயணிகள் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டதை நினைவில் வைத்தால், கடும் மழை மாதங்களை யாரும் தேர்ந்தெடுக்க மாட்டார்கள்.

உயரத்தை மதியுங்கள். குஸ்கோ நகரமே 3,400 மீட்டரில் இருக்கிறது. விமானத்திலிருந்து இறங்கியதும் அங்கே தங்காமல், 2,800 மீட்டரில் உள்ள ஒல்லந்தாய்தம்போ என்ற ஊருக்குப் போய் முதல் சில இரவுகளைக் கழிப்பது நல்லது. அந்த நாள்களும் வீணாகாது: ஆற்றின் மறுகரையில் இருக்கும் கச்சிகட்டா கல்குவாரியிலிருந்து இழுத்து வரப்பட்டு, வழியிலேயே கைவிடப்பட்ட பெருங்கற்களை அங்கே காணலாம். இன்கா பாதையில் இரண்டாம் நாள் ஏறவேண்டிய வார்மிவன்யுஸ்கா கணவாய் ஏறத்தாழ 4,215 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் அறுபது விழுக்காடுதான். தலைவலியோடு குமட்டலும் சேர்ந்தால் மேலே ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறங்க வேண்டும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் அசெட்டசோலமைடு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டே எடுங்கள். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை இருப்பவர்கள் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பயிற்சியைச் சமதளத்தில் செய்யாமல் படிக்கட்டில் செய்யுங்கள், முதுகில் பையோடு, ஏறுவதைப் போலவே இறங்குவதையும். கணவாய்க்குப் பின் வரும் கற்படி இறக்கம் முழங்காலைப் பதம் பார்த்துவிடும்.

களைத்த நிலையில் குறிப்பெடுக்கவும் பழக வேண்டும். மழையில் கரையாத பென்சிலையும் சிறு நோட்டையும் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, ஒவ்வோர் இடத்திலும் ஒரே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதினேன்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்தச் சுவரைக் கடக்கிறது, எங்கே வெளியேறுகிறது. விஞ்ஞய் வைனாவில் இதன் பலன் தெரிந்தது. மேல் கட்டடத் தொகுதியையும் கீழ்த் தொகுதியையும் இணைக்கும் நீண்ட படிக்கட்டை ஒட்டியே தொட்டிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்குகின்றன. ஒரு தொட்டியின் அருகே குனிந்து பார்த்தபோது, கல்லில் செதுக்கிய குறுகிய ஓடை தண்ணீரைச் சுவரிலிருந்து தள்ளி, சிதறாமல் நடுவில் விழும்படி செய்திருப்பதைக் கண்டேன். எந்தப் புகைப்படத்திலும் அது எனக்குப் புலப்பட்டதில்லை.

மச்சு பிச்சுவுக்குள் இப்போது சுற்றுப்பாதைகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. கடந்துவந்த இடத்துக்குத் திரும்பிப் போக விடமாட்டார்கள். எனவே நீங்கள் படிக்க விரும்பும் பகுதி உங்கள் சீட்டுக்குரிய சுற்றில் வருகிறதா என்று முகவரிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வராது என்றால் அடிவாரத்தில் உள்ள அகுவாஸ் கலியென்டெஸ் ஊரில் ஓர் இரவு தங்கி, மறுநாள் காலைக்கு வேறு சுற்றின் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டையும் பயணம் தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்துவிட வேண்டும்.